சிமெண்டுத் தட்டும் மணல் மூட்டையும்

(எம்.எஸ்ஸி. பௌதிகம், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர்)

மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமென்று நம் சங்கச் செயலாளர் கேட்டார். எதைப் பற்றி என்றேன். உமக்கு நன்றாகத் தெரிந்ததைப் பற்றி என்றார். பௌதிகம் என்று சொல்ல வாயெடுத்தேன். என் மதிப்பெண் பட்டியல் அதை ஒப்புக்கொள்ளாது என்பது நினைவுக்கு வந்தது. ஆகவே, சென்ற ஒன்பது மாதங்களாக என் கையாலேயே தொட்டுத் தூக்கி அறிந்த வேறொரு பொருளைப் பற்றி எழுதுகிறேன். ராமச்சந்திராபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மொட்டை மாடியில், 980 ரூபாய்ச் செலவில் அமைந்திருக்கும் தேகப்பயிற்சிக் கூடமே அது.

கூடம் என்றவுடன் நிலைக்கண்ணாடிகளையும் குளிர்சாதனத்தையும் காதைப் பிளக்கும் இசையையும் எண்ணிக்கொள்ள வேண்டா. ஓர் இரும்புக் குழாய். எட்டுச் சிமெண்டுத் தட்டுகள். மணல் அடைத்த பழைய பள்ளிக்கூடப் பை ஒன்று. கையில் தூக்கிப் பிடிக்கும் சுருள்வில் தராசு ஒன்று. இரண்டு தூண்களுக்கு நடுவே பற்றவைத்த குறுக்குக் குழாய் ஒன்று. பழைய கார் டயர் இரண்டு. மேலே ஆகாயம். அவ்வளவே.

ராமச்சந்திராபுரத்தை அறியாத புதுமுக நண்பர்களுக்குச் சொல்கிறேன். கச்சிபௌலியிலிருந்து லிங்கம்பள்ளி போய், பழைய மும்பை நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே சென்றால் வருவது அவ்வூர். அங்கே இருப்பது 'பெல்' ஆலை. திருச்சியில் கொதிகலன் செய்யும் அதே நிறுவனம் இங்கே டர்பைன் செய்கிறது. அதனால் தேநீர்க்கடையில் திடீரென்று திருவெறும்பூர்த் தமிழ் காதில் விழுவதுண்டு. ஆலையை ஒட்டி லேத்துப் பட்டறைகள், வெல்டிங் பட்டறைகள், பழைய இரும்புக் கடைகள். என் பெரியம்மா மகன் அப்பட்டறைகளில் ஒன்றில் வெல்டராக இருக்கிறார். வளாகத்தருகே வாடகை எனக்கு எட்டாக்கனி. அண்ணனுடைய அறையில் பாதி எனக்குக் கிடைத்தது. அந்தப் பழைய இரும்புக் கடைகள்தாம் இக்கதைக்கு முக்கியம்.

இருபத்திரண்டு வயதில் என் எடை 49 கிலோ. பயில்வான் ஆகும் ஆசை எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. காரணம் வேறு. எங்கள் ஆய்வுக்கூடத்திற்குத் திரவ நைட்ரஜன் வரும். 30 லிட்டர் குடுவை, லிட்டருக்கு 0.8 கிலோ என்றால் திரவம் மட்டும் 24 கிலோ. குடுவையின் எடை தனி. இருவர் இருபக்கமும் பிடித்து மாடியேற்ற வேண்டும். ஒரு நாள் பாதிப் படியில் என் விரல்கள் தாமாகவே விரியத் தொடங்கின. பின்னால் வந்த முதலாண்டு மாணவி ஒருவர் ஒன்றும் பேசாமல் என் பக்கத்துக் கைப்பிடியை வாங்கிக்கொண்டார். சிரித்திருந்தால் கூடப் பரவாயில்லை, சிரிக்கவில்லை.

ராமச்சந்திராபுரத்தில் ஜிம்களுக்குப் பஞ்சமில்லை. நான் விசாரித்த இடத்தில் மாதம் 1,200 ரூபாய். மூன்று மாதத்துக்கு முன்பணம். அத்தொகை என்னிடம் இருந்தால் முதலில் செருப்பு வாங்கியிருப்பேன். ஆகவே வீட்டிலேயே ஏதேனும் செய்வது என்று முடிவு செய்து, அச்செய்தியை ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா விருதுநகரில் பருப்பு மண்டியில் மூட்டை தூக்கியவர். கொக்கியும் சும்மாடும் அவருடைய கருவிகள். இருபத்தாறு வருஷம் தூக்கினார். இப்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. இடுப்பு வலியினால் மூன்றாண்டுகளாகக் கணக்குப்பிள்ளைக்குத் துணையாக ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். நான் சொன்னதைக் கேட்டு, சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "என்னடா இது? நான் தூக்குனது பத்தாதுன்னு நீ வேற தூக்கணுமா? நீ தூக்கக் கூடாதுன்னுதானே படிக்க வச்சேன்?" என்றார்.

இக்கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை. கூலிக்குத் தூக்கியவரின் மகன் காசு கொடுத்துத் தூக்கப் போகிறான் என்பது கேட்பதற்கே வினோதமாகத்தான் இருக்கிறது. மேலும், அதில் ஒரு விஞ்ஞானக் கேள்வியும் ஒளிந்திருக்கிறது. பளு தூக்கினால் உடல் வலுக்கும் என்றால், இருபத்தாறு வருஷம் தூக்கிய அப்பாவின் உடல் ஏன் ஒடிந்தது? அதே பளு ஒருவனை வளர்ப்பதும் மற்றொருவனை முறிப்பதும் எப்படி? இதை அறியாமல் தட்டு வார்ப்பதில் பயனில்லை என்று தோன்றியது. நூலகம் புகுந்தேன்.

பளுப்பயிற்சியின் பழங்கதை எல்லோரும் அறிந்ததே. கிரேக்க மல்லன் மைலோ, கன்றுக்குட்டி ஒன்றைத் தினமும் தோளில் தூக்கி, அது காளையான பின்னும் தூக்கினானாம். கதை நல்ல கதை, கணக்குத்தான் இடிக்கிறது. கன்று நாளொன்றுக்கு அரைக் கிலோ ஏறினாலும் மாதம் 15 கிலோ. ஓராண்டில் மைலோ கன்றுக்கு அடியில் கிடந்திருப்பான். எனினும் கதையின் கரு பொய்யன்று: பளு சிறிது சிறிதாக ஏற வேண்டும்.

இதைக் கதையிலிருந்து மருத்துவத்துக்குக் கொண்டு வந்தவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் முழங்கால் கெட்டுப்போன வீரர்கள் சிகாகோவிலிருந்த ராணுவ மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுத்திருந்தனர். இளமையில் வாதக் காய்ச்சலால் நலிந்து, பளு தூக்கித் தம்மைத் தேற்றிக்கொண்ட டிலோர்ம், அவர்களுடைய காலில் பளுவைக் கட்டி, பத்துத் தடவை தூக்க முடிந்த அளவை அளந்து, தேறத் தேற அதைக் கூட்டினார். 1945-ல் அம்முறையை வெளியிட்டார். முதலில் அதற்குக் 'கடும் பளுப் பயிற்சி' என்ற பொருளில் பெயர் வைத்தவர், 1948-ல் வாட்கின்ஸ் என்பவரோடு எழுதியபோது 'ஏறுமுகப் பளுப் பயிற்சி' என்ற பொருளில் மாற்றினார். என் கேள்விக்குப் பாதி விடை அந்தப் பெயர் மாற்றத்திலேயே இருக்கிறது.

மறுபாதியை அப்பாவின் மூட்டையிலேயே கண்டேன். மண்டியில் மூட்டை 100 கிலோ. முதல் நாளும் நூறு. இருபத்தாறாம் வருஷமும் நூறு. இன்று உடம்பு சரியில்லை, எண்பது போதும் என்று சொல்ல முடியாது. நேற்றுத் தூக்கிய தசை இன்று ஓய்வெடுக்கட்டும் என்றும் சொல்ல முடியாது, லாரி நிற்கிறது. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967-லேயே இதைப் பற்றி ஓர் உடன்படிக்கை செய்தது. அதனோடு வந்த பரிந்துரை, வளர்ந்த ஆண் தொழிலாளி கையால் சுமப்பது 55 கிலோவுக்கு மேற்பட்டிருந்தால் அதை விரைவில் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்கிறது. உடன்படிக்கையை இந்தியா ஏற்றுக்கொண்டது 2010-ல். பின்னர் அப்பாவின் இடுப்பும் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது.

ஆக, வேற்றுமை பளுவில் இல்லை. எவ்வளவு தூக்குவது, எப்போது நிறுத்துவது, எத்தனை நாள் ஓய்வு என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது. இதை உணர்ந்தவுடன், என் கூடத்துக்கு எது தேவை, எது தேவையில்லை என்பதும் விளங்கிவிட்டது. இரும்பு தேவையில்லை. தசைக்கு இரும்பு என்றும் மணல் என்றும் பேதம் தெரியாது. புவியீர்ப்பு இரண்டையும் ஒன்றாகவே இழுக்கிறது. தேவை ஒரு தராசும், சிறு சிறு அளவில் பளுவைக் கூட்ட ஒரு வழியும். பணம் செலவழிக்க வேண்டிய இடம் அதுவே.

கடையில் விற்கும் டம்பெல் ஜோடியைப் பாருங்கள். 5 கிலோ, அடுத்தது 7½ கிலோ. இரண்டரைதானே என்று தோன்றும். ஐம்பது விழுக்காடு ஏற்றம் அது! ஐம்பது விழுக்காடு வட்டி கேட்கும் கந்துவட்டிக்காரனிடம் யாராவது போவோமா? ஆனால் டம்பெல்லில் போகிறோம். தோளைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறோம்.

நிற்க. கூடம் கட்டிய கதைக்கு வருகிறேன்.

பழைய இரும்புக் கடையில் ஓரங்குல நீர்க்குழாய் ஒன்றரை மீட்டர் எடுத்தேன். துத்தநாகம் பூசிய குழாய். வெளி விட்டம் 33.7 மில்லிமீட்டர், எடை மூன்று கிலோ அறுநூறு கிராம். எடை போட்டு 230 ரூபாய் வாங்கினார் கடைக்காரர். கட்டடக் கம்பி வாங்கலாமே என்றார் அண்ணன். 25 மில்லிமீட்டர் கம்பியின் எடையை மேஸ்திரிகள் ஒரு வாய்ப்பாட்டால் நொடியில் சொல்வர்: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு இத்தனை கிலோ. 3.86 வருகிறது. எடை கூடுதல்தான், ஆனால் அதன் மேலுள்ள முறுக்கு வரிகள் உள்ளங்கையைக் கிழித்துவிடும். குழாய் உள்ளீடற்றதாயிற்றே, வளையாதா என்ற ஐயம் எழலாம். வளைவை எதிர்ப்பது நடுவிலுள்ள உலோகமன்று, ஓரத்திலுள்ளது. மூங்கிலுக்குத் தெரிந்த பௌதிகம் இது. நான் ஏற்றும் 30 கிலோவுக்கு அக்குழாய் அசைந்து கொடுக்கவில்லை.

தட்டுகளுக்குச் சிமெண்டு. உதிரியாகப் பத்துக் கிலோ 100 ரூபாய். மணலும் ஜல்லியும் அடுத்த தெருவில் வீடு கட்டும் மேஸ்திரியிடம் கேட்டேன். என் தெலுங்கைக் கேட்டு இரக்கப்பட்டோ என்னவோ, இரண்டு சட்டி இலவசமாகக் கொடுத்தார். கான்கிரீட்டின் அடர்த்தி 2.4. ஐந்து கிலோத் தட்டுக்கு ஏறக்குறைய 2,080 கன சென்டிமீட்டர் வேண்டும். 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் பேசினில் 4¼ சென்டிமீட்டர் உயரம் ஊற்றினால் கணக்குச் சரி. வார்ப்பிரும்பாக இருந்தால் இதில் மூன்றில் ஒரு பங்கு தடிமன் போதும். தடிமன் கூடினால் நமக்கென்ன? குழாயில் இடம் இருக்கிறது. நடுத்துளைக்கு 40 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய்த் துண்டு, விரிசல் விடாதிருக்க உள்ளே கோழிவலை ஒரு சுற்று. இவை 90 ரூபாய். ஐந்து கிலோவில் நான்கு, இரண்டரையில் நான்கு. எல்லாவற்றையும் சுருள்வில் தராசில் நிறுத்துப் பார்த்தேன். ஒரு தட்டு 5 கிலோ 180 கிராம் இருந்தது. உரசிக் குறைக்கவில்லை; அதன் மேலேயே எழுதி வைத்தேன். தராசு 280 ரூபாய். எல்லாவற்றிலும் விலை உயர்ந்த சாமான் அதுதான். அப்படித்தான் இருக்க வேண்டும்.

கான்கிரீட்டு முழுவலிமை பெற 28 நாள். முதல் வாரம் ஈரச்சாக்குப் போட்டுத் தினமும் தண்ணீர் தெளித்தேன். வீட்டுக்கார அம்மா, செடி வளர்க்கிறேன் என்று நினைத்து ஒரு துளசிக் கன்று கொடுத்தார். அதுவும் வளர்கிறது.

தட்டு நழுவாமலிருக்க இருபுறமும் கிளாம்ப், 120 ரூபாய். டயர் இரண்டும் 100. பெயிண்டு 60. தூண்களுக்கிடையே அண்ணன் குறுக்குக் குழாய் வைத்துப் பற்றவைத்ததற்குக் கூலி இல்லை. அந்தக் குழாயும் அவர் பட்டறையில் கிடந்த துண்டு. கூட்டிப் பார்த்தால் 980.

டயர் எதற்கு என்பதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. போட்டிகளில் பயன்படும் பெரிய தட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். அதனால் தண்டு தரையிலிருந்து 22½ சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். என் தட்டு 25 சென்டிமீட்டர். தண்டு தரைக்கு 12½ சென்டிமீட்டரில் கிடக்கும். அதை எடுக்க இடுப்பைத் தேவைக்கு மேல் மடக்க வேண்டும். அப்பாவின் இடுப்பு என் கண் முன் நிற்கிறது. டயரைப் படுக்கவைத்து அதன் மேல் தட்டுகளை வைத்தால் உயரம் சரியாகிவிடுகிறது. இதே காரணத்தால் மல்லாந்து படுத்துத் தண்டைத் தூக்கும் பயிற்சியை நான் அறவே செய்வதில்லை. கை தளர்ந்தால் பெரிய தட்டு தரையைத் தொட்டு மார்பைக் காக்க ஓரளவு வாய்ப்புண்டு. சிறிய தட்டில் தண்டு நேரே மார்பின் மேல் உட்காரும். தனியாக மாடியில் இருப்பவன் அந்த வம்புக்குப் போகலாகாது. அதற்குப் பதில் முதுகில் மணற்பையோடு தண்டால். தண்டால் என்றால் இலவசம்தானே, அதில் பளு எங்கே என்பீர்கள். எடை பார்க்கும் மெஷினில் இரு கைகளையும் ஊன்றிப் பார்த்தேன்: 32 கிலோ காட்டியது. உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நம் கைகளில் இறங்குகிறது. கால்களை நாற்காலியில் வைத்தால் இன்னும் கூடும்.

டயர் வருவதற்கு முன், முதல் நாள் தட்டு தரையில் மோதிய ஓசைக்கு வீட்டுக்கார அம்மா மேலே ஓடி வந்து, "ஏமைதுந்தி பாபூ?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று தெலுங்கில் சொல்லத் தெரியும், அதைச் சொன்னேன். டயர் வந்த பின் ஓசையும் நின்றது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

இனிச் சிறு பளுக்கள். அரை லிட்டர்ப் பால் உறையை நன்றாகக் கழுவிக் காயவைத்து, உலர்ந்த மணல் நிரப்பினால் 800 கிராம் கொள்கிறது. அதிலேயே குறைத்து நிரப்பி, தராசில் 250, 500 கிராம் என்று நிறுத்து, வாய் கட்டி வைத்திருக்கிறேன். தண்டின் இரு முனையிலும் 250 கிராம் கட்டினால் ஏற்றம் அரைக் கிலோ. தோளுக்கு மேல் தூக்கும் பயிற்சியை 13.6 கிலோவில் தொடங்கினேன்: தண்டும் இரண்டு ஐந்து கிலோத் தட்டும். அதில் அரைக் கிலோ என்பது நான்கு விழுக்காட்டுக்கும் கீழ். ஒன்பது மாதத்தில் 25 கிலோ வந்திருக்கிறது. பால் உறைகளுக்கே அப்புகழ்.

வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம். டயர் மேலிருந்து தண்டை எடுத்து நிமிர்வது, தலைக்கு மேல் தூக்குவது, குனிந்து வயிற்றை நோக்கி இழுப்பது, குறுக்குக் குழாயில் தொங்கி மோவாய் வரை ஏறுவது, மணற்பைத் தண்டால், ஒற்றைக்கால் பஸ்கி. கடைசியானதைப் பற்றி ஒரு சொல். தோள் உயரத்தில் தண்டைத் தாங்கி நிறுத்தும் சட்டம் என்னிடம் இல்லை. ஆகவே பெரும் பளுவை முதுகில் ஏற்ற வழியில்லை. ஆனால் ஒரு காலைப் பின்னால் நாற்காலியில் வைத்துக்கொண்டு மறுகாலில் உட்கார்ந்தெழுந்தால், உடம்பின் பெரும்பாரம் அந்த ஒரு காலின் மேல் விழுகிறது. பத்தாயிரம் ரூபாய்ச் சட்டத்துக்கு இது மாற்று. மறுநாள் பேருந்துப் படியேறும்போது அதன் சக்தி தெரியும்.

முப்பத்துச் சொச்சம் கிலோ போதுமா என்பது நண்பர்கள் கேட்கும் அடுத்த கேள்வி. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக் கழகத்தார் 2016-ல் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஏற்கெனவே பயிற்சியுள்ள 49 இளைஞர்கள், பன்னிரண்டு வாரம். ஒரு சாரார் கடும் பளுவை 8 முதல் 12 தடவை. மறுசாரார் இலேசான பளுவை 20 முதல் 25 தடவை. இருசாராரும் இனி முடியாது என்னுமளவு தூக்கினர். தசை வளர்ச்சி இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒன்றே. அதாவது, பளு குறைவென்றால் தடவை கூடட்டும். சோர்வு வரை போனால் போதும். போட்டிக்குப் போகிறவருக்கு இது பொருந்தாது. அவருக்கு இரும்பும் ஆசிரியரும் வேண்டும். மூன்றாம் மாடிக்கு நைட்ரஜன் குடுவை தூக்குகிறவனுக்குப் பொருந்தும்.

முதல் ஆறு வாரம் கண்ணாடியில் எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் பளு ஏறிக்கொண்டே போகும். இதற்கும் விளக்கமுண்டு. மொரிட்டானி, டெவ்ரீஸ் என்ற இருவர் 1979-ல் காட்டியபடி, தொடக்கத்தில் கற்றுக்கொள்வது நரம்பு. தசை பிறகே பருக்கிறது. இடையில் மனம் உடைந்து விடுகிறவர்கள் பெரும்பாலும் கண்ணாடியை நம்பியவர்கள். நான் நோட்டுப்புத்தகத்தை நம்பினேன். தேதி, பளு, தடவை, வேறொன்றும் எழுதுவதில்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் விடுதி நண்பர்கள் விடமாட்டார்கள். நம் நகரில் தார்நாக்காவில் இருக்கும் தேசிய சத்துணவு நிறுவனம் நம்மூரிலிருந்து வந்தது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1918-ல் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், மக்காரிசன் என்பவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய இடம் அது. 1958-ல் ஹைதராபாத்துக்கு வந்தது. என்னைப் போலவே பிழைப்புக்கு வந்து இங்கே சதை போட்ட தமிழர் என்று அதைச் சொல்வேன். அந்நிறுவனத்தார் 2020-ல் வகுத்த அளவு, நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். பளுப்பயிற்சி செய்பவர்களை வைத்துச் செய்த ஆராய்ச்சிகள், ஏறத்தாழ 1.6 கிராமுக்கு மேல் தசைக்கு ஆதாயம் பெரிதாக இல்லை என்கின்றன. எனக்கு அது நாளுக்கு 80 கிராமுக்குச் சற்று மேல். பளபளக்கும் டப்பாக்களில் விற்கும் பொடியை அந்நிறுவனத்தாரே 2024-ல் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்; சொல்லாவிட்டாலும் என்னால் வாங்கியிருக்க முடியாது. முட்டை ஒன்றில் ஆறு கிராம். வேர்க்கடலை நூறு கிராமில் இருபத்தைந்துக்கு அருகில். நாம் மீல்மேக்கர் என்று சொல்லும் சோயா உருண்டை நூறு கிராமில் ஐம்பதைத் தாண்டும். அதன் சுவையைப் பற்றிப் பேசாமலிருப்பது நாகரிகம். அண்ணன் அதைக் காரக்குழம்பில் போட்டு மறைத்துவிடுகிறார்.

நம் சகோதரிகளுக்கு ஒரு விண்ணப்பம். இதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. 2000-ஆம் ஆண்டு சிட்னியில், 69 கிலோ எடைப் பிரிவில், மொத்தம் 240 கிலோ தூக்கி, ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணியானவர் கர்ணம் மல்லேஸ்வரி. ஸ்ரீகாகுளம் பக்கத்துத் தெலுங்குப் பெண். நம் பக்கத்திலும், நெல்லைச் சீமை வடலிவிளையில் பொங்கலன்று இளவட்டக்கல் தூக்கும் போட்டியில் பெண்களும் இறங்குகிறார்கள். குந்தி உட்கார்ந்து, கல்லை முழங்காலுக்கு ஏற்றி, மார்புக்கு ஏற்றி, தோளுக்குக் கொண்டு வந்து பின்னால் போடும் வித்தை அது. ஒரு காலத்தில் மாப்பிள்ளைக்கு வைத்த சோதனை; கல்லைத் தூக்கினால்தான் பெண் என்பார்கள். ஊருக்கு ஊர் கிடந்த அக்கற்கள்தாம் நம்முடைய முதல் கூடம்; கட்டணம் இல்லை, முன்பணமும் இல்லை. ஒரு சுற்றில் ஏறும் அளவு மட்டும் பெரிது.

வீட்டுப் பயிற்சி என்பதே புதுமையுமன்று. 1904-05-ல் இந்தியா வந்து மேடையேறிய ஸாண்டோ, தபாலில் பயிற்சியும் கருவியும் விற்றவர். பெங்களூரில் கே. வி. ஐயர் அஞ்சல் வழியாகவே பலருக்குப் பாடம் நடத்தினார். தூரத்து ஆசிரியர், வீட்டு அறை, நம் உழைப்பு என்ற ஏற்பாட்டுக்கு நூறாண்டு வயது.

அப்பாவுக்குத் தர வேண்டிய விடை கடைசியில் என்னிடமிருந்து போகவில்லை. சென்ற தைமாதம் ஊர் அரசு மருத்துவமனையில் இடுப்பு வலிக்குக் காட்டச் சென்றவரை, அங்கிருந்த இயன்முறை மருத்துவப் பெண்மணி, படுத்தே இருக்காதீர்கள் என்று சொல்லி, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரச் செய்தார். வலி அடங்கிய பின், முக்காலி மேல் வைத்த இரண்டு லிட்டர்த் தண்ணீர்ப் பாட்டிலை முதுகு நிமிர்த்தி எடுத்து வைக்கச் சொன்னாராம். இரண்டு வாரம் கழித்து மூன்று லிட்டர். "நூறு கிலோ தூக்குனவனப் போயி பாட்டில் தூக்கச் சொல்லுது அந்தப் புள்ள" என்று அப்பா தொலைபேசியில் குறைப்பட்டுக்கொண்டார். டிலோர்ம் பற்றி அவரிடம் அரை மணி நேரம் பேசினேன். எவ்வளவு விளங்கியதோ தெரியாது. ஆனால் அடுத்த ஞாயிறு, நான் கேட்பதற்கு முன்னரே, "அஞ்சு லிட்டர் கேனுக்கு வந்துட்டேன். நீ எம்புட்டு?" என்றார். நோட்டுப்புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன். "அவசரப்படாத. அரக்கிலோவே போட்டுக்கிட்டு வா" என்றார். இப்போது வாரந்தோறும் இருவரும் கணக்கு ஒப்பித்துக்கொள்கிறோம். அம்மாவும் ஒரு லிட்டரில் தொடங்கியிருப்பதாகத் தகவல். நேரில் உறுதி செய்யவில்லை.

என் எடை இப்போது 53. நைட்ரஜன் குடுவையின் கைப்பிடியை எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

கடைசியாக ஓர் அறிவிப்பு. வருகிற மே மாதத்தோடு என் படிப்பு முடிகிறது. முப்பது கிலோ கான்கிரீட்டை ரயிலில் ஏற்றிச் செல்வதாக இல்லை. ஆகவே எட்டுத் தட்டுகளையும் தண்டையும் மணல் உறைகளையும் சங்க உறுப்பினர் எவருக்கேனும் இலவசமாகத் தருகிறேன். தராசை மட்டும் அப்பாவுக்கு எடுத்துப் போகிறேன். தட்டுகளில் எடையைத் தமிழ் எண்களில் எழுதியிருக்கிறேன்: ௫ என்றால் ஐந்து, ௨½ என்றால் இரண்டரை. வீட்டுக்கார அம்மாவின் பேரன் அவற்றை ஏதோ மந்திரம் என்று நம்புகிறான். அவனிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டா. வாங்க வருபவர் மாலை ஆறு மணிக்கு மேல், துணைக்கு ஒருவரோடு வரவும். மாடிப்படி குறுகல், ஒரு தடவைக்கு இரண்டு தட்டுக்கு மேல் எடுக்க வேண்டா.